மாடியில் போட்ட எட்டு

என்னைக் கீழே இறக்கிவிட்டார்கள். இப்படிச் சொன்னால் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். அதெல்லாம் இல்லை. நிஜமாகவே மேலேயிருந்து கீழே இறக்கினார்கள். பதினாறு வருஷமாக நான் கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். ஆறு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குக் கேபின் என்று பெயர். காலுக்கடியிலும் கண்ணாடிதான். குனிந்து பார்த்துக்கொண்டே, லாரியில் வரும் பெட்டியைத் தூக்கி அடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் உண்டு. இந்த வருஷம் டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். மறுபடி காற்றடித்தார். மூன்றாவது தடவை அடித்தபோதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நூத்தி எழுபத்திரெண்டு. இந்தப் பிரஷரோட உங்களை மேல அனுப்ப முடியாது" என்றார். "மூணு மாசம் டைம் தரேன். மாத்திரை எழுதித் தரேன், ஒழுங்கா போடுங்க. உப்பைக் குறைங்க, தினம் நடங்க. குறைஞ்சா கேபின். குறையலன்னா கீழதான்."

நான் ஓர் இடத்தில் நிற்கிற ஆள் கிடையாது. எப்போதும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரிதான். சோற்றில் மோர் ஊற்றும்போதே கை கழுவ எழுந்துவிடுவேன். சிக்னலில் பச்சை விழுவதற்குள் என் வண்டி பாதி ரோட்டைத் தாண்டியிருக்கும். கோபம் மூக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும். ஆனால் கேபினில் ஏறி உட்கார்ந்துவிட்டால் வேறு ஆள். அங்கே அவசரப்பட்டால் பெட்டி ஆடும், பெட்டி ஆடினால் கீழே யாராவது சாவார்கள். அதனால் கை விரல்கள் மட்டும் அசையும், மற்றபடி எட்டு மணி நேரம் ஒரே இருப்பு. உலகத்தில் எனக்கு அமைதி என்று இருந்தது அந்த ஒரே ஓர் இடம்தான். அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கீழே கேட்டில் போட்டார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் டிரெய்லர் லாரிகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். பெட்டியின் நம்பர் சரியா, கதவில் போட்ட சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஐந்து மணி நேரம் வரிசையில் கிடந்த டிரைவர், கேட்டுக்கு வந்ததும் முதலில் பார்க்கிற முகம் என் முகம். அவன் ஹாரன் அடிப்பான், நான் கத்துவேன், அவன் திரும்பக் கத்துவான். அண்ணாந்து பார்த்தால் என் கிரேனை வேறொருத்தன் ஓட்டிக்கொண்டிருப்பான். பெட்டியை வைக்கும்போது டமாலென்று சத்தம் வரும். நான் ஓட்டினால் அந்தச் சத்தம் வராது. கூட வேலை செய்கிறவன் ஒருத்தன், "மாமு, மேல பாக்காத, அப்பால பிரஷர் ஏறிக்கும்" என்று சிரித்தான். அவனை அடிக்கப் போனேன்.

காலேஜ் படிக்கிற என் மகள் ஓர் அட்டையில் கட்டம் போட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மேலே தேதிகள், பக்கவாட்டில் வேலைகள். எழுந்ததும் ஒரு சொம்புத் தண்ணீர். மாத்திரை. அரைமணி நேர நடை. பத்து நிமிஷம் கண்ணை மூடி மூச்சு விடுவது. ஊறுகாய், கருவாடு, அப்பளம் இல்லாத சாப்பாடு. கடைசி வரி: கத்தாத நாள். "சின்னச் சின்னதா பண்ணுப்பா. தினம் பண்ணு. பண்ணதும் டிக் போடு, போதும்" என்றாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அடுத்த சனிக்கிழமை வரைக்கும் டிக் போட்டு முடித்துவிட்டேன். இதில் என்னைத் திட்டிப் பிரயோஜனமில்லை. யார்டில் எங்கள் பழக்கம் அப்படி. கிரேனை எடுப்பதற்கு முன் பிரேக், விளக்கு, மணி, வயர் என்று இருபது விஷயம் சரிபார்த்து டிக் போட வேண்டிய தாள் ஒன்று உண்டு. அதை ஏணி ஏறும்போதே மொத்தமாக ஒரு கோடாக இழுத்துவிட்டுப் போகிறவர்கள் நாங்கள். மகள் வியாழக்கிழமை டிக்கை செவ்வாய்க்கிழமை பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்து அழித்தாள். பேனாவில் போட்டது அழியவில்லை, அட்டைதான் கிழிந்தது. நான் கத்தினேன். கடைசி வரியும் போயிற்று.

நடையை எங்கே நடப்பது என்பது அடுத்த பிரச்சினை. கடற்கரைப் பக்கம் போனால் கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், ஆடுதான் நடக்கும். ரோட்டில் நடந்தால் லாரிப் புகை. எங்களுக்குத் திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாவது மாடி, மேலே மொட்டைமாடி. எட்டு வடிவத்தில் நடந்தால் பிரஷர் இறங்கும் என்று ஊரே போனில் அனுப்பிக்கொண்டிருந்ததே, அதை என் மனைவியும் பார்த்திருந்தாள். "வடக்கு தெக்கா எட்டு போட்டு நடக்கணுமாம். மாடி சும்மாதான கீது" என்றாள்.

யார்டில் தரைக்குக் கோடு போட்டது போக டப்பாவின் அடியில் கொஞ்சம் மஞ்சள் பெயின்ட் மிச்சம் இருந்தது. கேட்டு வாங்கிவந்தேன். எட்டு என்றதும் எனக்குத் தெரிந்தது லைசென்ஸ் எடுக்கும்போது பைக்கில் போட்ட எட்டுதான். அதே அளவுக்கு, மாடி முழுக்க அடைத்துக்கொண்டு போட்டுவிட்டேன். துணி காயப்போடும் கம்பிகளுக்கு நடுவே ஒரு வட்டம், தண்ணீர்த் தொட்டியை ஒட்டி ஒரு வட்டம். கீழ்வீட்டில் மீன் விற்கிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். மேலே வந்து பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னா நைனா, இந்த வயசுல லைசென்ஸா?"

"பிரஷருக்கு. இதுல நடந்தா கொறையும்."

"நடந்தா கொறையுமா? நான் தலையில கூடைய வெச்சிகினு ஊரு முச்சூடும் நடக்கறேன், எனக்கு இன்னா கொறஞ்சிது?" என்றாள். மறுநாள் காலையில் பார்க்கிறேன், தொட்டிப் பக்கத்து வட்டத்துக்குள் தார்ப்பாய் விரித்து நெத்திலி காயப் போட்டிருந்தாள். வட்டத்துக்குள் காலி இடம் சும்மாதானே இருக்கிறது, கோட்டில்தானே நீ நடக்கப்போகிறாய் என்பது அவள் வாதம். கருவாடு தின்னக் கூடாது என்று சொல்லப்பட்டவன், தினமும் விடிந்ததும் கருவாட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

வெறுங்காலோடு நடக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் பாதம் கரிக்கட்டை ஆகிவிடும். எங்கள் பக்கம் மாடித் தரையில் எந்நேரமும் ஒரு கறுப்புத் தூசி படிந்திருக்கும், வெள்ளைத் துணியை யாரும் வெளியே காயப்போட மாட்டார்கள். வடக்கே திரும்பினால் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கி, தெற்கே திரும்பினால் துறைமுகத்துக் கிரேன்கள். எட்டில் நடக்கிறவன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தே ஆக வேண்டும். கிரேனைப் பார்க்கும்போதெல்லாம் என் நடை வேகமாகிவிடும். அரைமணி நேர நடையை இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டு இறங்கிவிடுவேன்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் மனைவி கூடவே மாடிக்கு வர ஆரம்பித்தாள். அவள் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் புடவைப் பிரிவில் வேலை செய்கிறாள். காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிற வேலை. ஐம்பது புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்வார்கள், கடைசியில் "அப்புறம் வரேம்மா" என்று போவார்கள். ஐம்பதையும் சிரித்துக்கொண்டே மடித்து வைப்பாள். எங்கள் வீட்டில் பொறுமை என்ற சாமானை மொத்தமாக வாங்கி வைத்திருப்பது அவள்தான், நாங்கள் கேட்கும்போதெல்லாம் எடுத்துக் கொடுப்பாள் என்று நான் மகளிடம் கிண்டல் செய்வேன். கடை விட்டு வந்ததும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கால் நீட்டி ஐந்து நிமிஷம் உட்காருவாள். அப்புறம் அடுப்படி. வருஷக்கணக்கில் அதுதான் வழக்கம். எங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே தைல வாசனை வரும்.

அவள் அந்த வட்டத்தில் நடப்பாள், நான் இந்த வட்டத்தில். எட்டுக்கு நடுவில் கோடுகள் வெட்டிக்கொள்கிற இடம் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வோம். நான் வேகமாக நடப்பதால் எந்தச் சுற்றில் அப்படி ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆகும்போதெல்லாம் நிற்பது அவள்தான். ஒரு நொடி நின்று, நான் தாண்டியதும் நடப்பாள். ஒரு தடவைகூட நான் நின்றதாக ஞாபகம் இல்லை. எனக்கு வழிவிட்டு நின்றாள் என்பதே அப்போது என் கண்ணில் படவில்லை.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள பிரஷர் மிஷின் ஒன்று வாங்கினோம். அது வேறு பேஜாரு ஆயிற்று. தினம் ஒரு தடவை பார்க்கச் சொன்னால் நான் எட்டுத் தடவை பார்ப்பேன். நடப்பதற்கு முன், நடந்த பின், டீ குடித்த பின், தெருவில் சண்டை போட்ட பின். நூற்று ஐம்பது என்று காட்டினால் அன்றைக்கு வீட்டில் எல்லோரிடமும் நல்லபடியாகப் பேசுவேன். நூற்று அறுபது என்றால் தட்டு பறக்கும். மனைவி தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்து எண் என்ன என்று கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டு மாதம் போனதும் எண் இறங்கத்தான் செய்தது. நூற்று நாற்பதுக்கும் கீழே கொஞ்ச நாள் நின்றது. மெடிக்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, எனக்கு வார லீவான ஒரு நாள் காலையில் நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. மறுபடி பார்த்தேன், நூற்று அறுபத்தொன்று. பட்டையைக் கழற்றிக் கட்டினேன், பேட்டரியை மாற்றினேன். அப்போதும் அறுபத்தொன்று. மிஷின் காலி என்று முடிவு செய்தேன். சரிதானா என்று பார்க்க நல்ல உடம்பு ஒன்று வேண்டும். மகள் காலேஜுக்குப் போய்விட்டாள். மனைவி கடைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, கைய நீட்டுமே."

"எனக்கு இன்னாத்துக்கு? பஸ்ஸு போயிடும்யா."

"உனக்கில்ல, மிஷினுக்கு."

சீப்பை வாயில் கவ்விக்கொண்டு கையை நீட்டினாள். மிஷின் உறுமி, இறுக்கி, விட்டது. நூற்று எண்பத்தாறுக்கு நூற்று எட்டு. நான் கைதட்டிச் சிரித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான். சந்தோஷத்தில் சிரித்தேன். "பாத்தியா? உனக்கே நூத்தி எண்பத்தாறு காட்டுது. டுபாக்கூர் மிஷின். அப்ப எனக்குக் காட்டுனதும் பொய்" என்றேன். அவளும் சிரித்துவிட்டு, சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு நல்லபடியாக ஒரு சேதி கிடைத்ததில் அவளுக்கும் சந்தோஷம்தான்.

மருந்துக்கடை திறந்ததும் மிஷினை மேஜை மேல் போட்டேன். ஏமாற்றி விற்றுவிட்டான் என்று நாலு பேர் கேட்கும்படி கத்தினேன். கடைக்காரன் பட்டையைத் தன் கையில் கட்டிக்கொண்டான். நூற்று இருபத்திரண்டு. அப்புறம் கடையிலிருந்த புது மிஷினை எடுத்துக் கட்டினான். நூற்று இருபது. அடுத்து என்னை உட்காரச் சொல்லி, கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்லி, எனக்கு இரண்டிலும் பார்த்தான். இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான்.

"மிஷின் நல்லாதான் கீது ணா" என்றான். "நூத்தி எண்பத்தாறு யாருக்குக் காட்டுச்சி?"

தைலம், சுவர், நீட்டிய கால். கடையில் உட்கார்ந்தபடியே எனக்கு ஒவ்வொன்றாக வந்தது. தலைவலி என்று அவள் சொன்ன நாட்களில் நான் என்ன சொன்னேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் சொன்னதாக நினைவில்லை. இரண்டு மாதத்துக்கு மேலாக அந்தப் பட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை அவள் கையில் கட்டிப் பார்க்கலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை. தோன்றிய அன்றைக்கும் அது மிஷினுக்காக.

பைக்கை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்கு ஓட்டினேன். ஆடித் தள்ளுபடி நேரம், கடைக்குள் நுழைய முடியாத கூட்டம். மேல்மாடியில் ஒரு கல்யாண வீட்டுக் கும்பலுக்கு முன்னால் நின்று பட்டுப் புடவையைத் தோளில் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. புடவையோடு அப்படியே ஓடி வந்தாள்.

"இன்னாய்யா, உனக்கு இன்னா ஆச்சி? ஏறிடுச்சா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. நீ வா."

"எங்க வர்றது? எம்மாம் கூட்டம் கீது பாரு."

சூப்பர்வைசர் வந்து என்ன என்று கேட்டார். கத்துவதற்கு வாகான இடம், கத்துவதற்கு வேண்டிய கோபமும் இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. "சார், இவங்களுக்கு உடம்பு சரியில்ல, டாக்டர்கிட்ட கூட்டிப் போகணும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. காலையில் மருந்துக்கடையில் மட்டும் கத்தாமல் இருந்திருந்தால் அன்றைக்கு அட்டையின் கடைசி வரியில் டிக் போட்டிருக்கலாம்.

டாக்டரம்மா பார்த்துவிட்டு முதலில் என்னைத்தான் திட்டினாள். இ.சி.ஜி., ரத்தம், சிறுநீர் எல்லாம் எடுக்கச் சொன்னாள். பத்து நாள் நிற்கிற வேலையே கூடாது, பத்தாவது நாள் ரிப்போர்ட்டோடு வர வேண்டும் என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது மனைவியிடம் கேட்டேன், இவ்வளவு நாளாகத் தலைவலி என்றால் ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா என்று.

"பாத்தா எதுனா சொல்லுவாங்க. அத்த கேட்டா உனக்கு ஏறிடும்" என்றாள். "நீ மேல போற வரைக்கும் போட்டும்னு இருந்தேன்."

அந்தப் பத்தாவது நாள்தான் என் மெடிக்கல். நான் யார்டில் போய் வேறு தேதி கேட்டேன். அடுத்த மாதம்தான் முடியும் என்றார்கள். கேபினைக் காலியாக வைத்திருக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். சரி என்றேன். சொல்லும்போது வலித்தது, அதை மறைக்கப்போவதில்லை. மனைவியிடம் தேதி தானாகவே தள்ளிப்போய்விட்டது என்று சொல்லிவைத்தேன். அவள் நம்பவில்லை, ஆனால் கேட்கவுமில்லை.

அடுத்த மாத மெடிக்கலில் நூற்று முப்பத்தாறு வந்தது. என்ன பண்ணினீர்கள் என்று டாக்டர் கேட்டார். எட்டு போட்டேன் என்றேன், சிரித்தார். ஆனால் அதற்குள் என் கிரேனில் அந்த டமால்காரனை நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள். இப்போது நான் மாற்று ஆள். யாராவது லீவு போட்டால் மேலே, மற்ற நாள் கேட்டில். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. காலையில் எழும்போதே இன்றைக்கு எவனாவது லீவு போடுவானா என்று மனசு ஓட ஆரம்பித்துவிடுகிறது.

மகள் புது அட்டை ஒட்டியிருக்கிறாள். அதில் ஆள் இரண்டு, கட்டமும் இரண்டு மடங்கு. மனைவி மாத்திரை போடுகிறாள். கடையில் கேட்டு ஒரு ஸ்டூல் வாங்கியிருக்கிறாள், கூட்டமில்லாத நேரத்தில் உட்காரலாம். கீழ்வீட்டு அம்மா இப்போதெல்லாம் நெத்திலியைக் கோட்டிலிருந்து தள்ளி, வட்டத்துக்கு நடுவில்தான் காயப் போடுகிறாள். அது எனக்காக இல்லை, என் மனைவிக்காக.

நேற்றுக் காலை எட்டின் நடுவில் கோடுகள் வெட்டுகிற இடத்துக்கு நானும் மனைவியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். நான் நின்றேன். அவளும் பழக்கத்தில் நின்றுவிட்டாள். "போய்யா" என்றாள். "நீ போமே" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போனாள். எனக்கு எதிரே துறைமுகத்துக் கிரேன்கள். எதிலோ ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தான், கால் பரபரத்தது. அவள் கருவாட்டைச் சுற்றி மெதுவாகத் திரும்புகிற வரைக்கும் நின்றேன். நிற்பது எனக்கு இன்னும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.